காம்பானியாவின் நாட்டுத் திராட்சைகள்: எல்லாம் கிரேக்கர் கொண்டுவந்தவையா?

2024 ஜனவரி 14 – கேள்வி

இத்தாலி ஒயின் பற்றிப் பேச்சு வந்தாலே நாட்டுத் திராட்சை என்கிறார்கள். நேப்பிள்ஸைச் சுற்றிய தெற்கு இத்தாலிய மாநிலமான காம்பானியாவின் அல்யானிக்கோ, கிரெக்கோ திராட்சைகள் எல்லாம் கிரேக்கக் குடியேறிகள் கொண்டுவந்து நட்டவை என்று ஒயின் கம்பெனிகளே பாட்டிலின் பின்பக்கம் அச்சடிக்கின்றன. வந்த இனத்தை எப்படி நாட்டு இனம் என்பது? ரோமானியர் காலத்துப் பெருமையைச் சொல்லி விலையை ஏற்றுகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜனவரி 15

நான் காம்பானியாவின் அவெல்லினோவில் வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே குடியிருப்பவன். நீங்கள் சொல்லும் அந்தப் பின்பக்க வாசகத்தை நிறையப் படித்திருக்கிறேன். அதில் பாதி சரி.

கிரேக்கர்கள் வந்தது உண்மை. கி.மு. 8ஆம் நூற்றாண்டிலேயே இஸ்கியா தீவிலும், அப்புறம் எதிர்க்கரையில் கூமேயிலும் குடியேறினார்கள். கொடியைக் குட்டையாகக் கவாத்து செய்து ஊன்றுகோலில் நிறுத்தும் வழக்கம் அவர்களோடு வந்தது என்பதைப் பெரும்பாலோர் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் அல்யானிக்கோவின் மரபணுவை இன்றைய கிரேக்க ரகங்களோடு வைத்துப் பார்த்தபோது நெருங்கிய உறவு எதுவும் அகப்படவில்லை. அதன் சொந்தபந்தமெல்லாம் தெற்கு இத்தாலியிலேயே இருக்கிறது.

திராட்சையில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. கிளையை வெட்டி நட்டால் அதே ரகம் வரும். விதை விழுந்து முளைத்தால் ஒவ்வொரு செடியும் புது ரகம். வெளியிலிருந்து வந்த கொடியும் உள்ளூர்க் காட்டுக்கொடியும் பக்கத்தில் பக்கத்தில் பூத்து, தானாக முளைத்த ஆயிரத்தில் ஒன்றைப் பார்த்து யாரோ ஒரு விவசாயி ‘இது நன்றாக இருக்கிறதே’ என்று கிளை எடுத்திருப்பார். அப்படி இந்த மண்ணிலேயே பிறந்து, இங்கேயே கிளையிலிருந்து கிளையாகக் கைமாறி வந்ததைத்தான் நான் நாட்டு ரகம் என்கிறேன். அதன் பாட்டனார் கப்பலில் வந்தாரா என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

2024 ஜனவரி 16

கிரெக்கோ பற்றித் தனியாக ஒன்று. கலாப்ரியாவில் ‘கிரெக்கோ பியாங்கோ’ என்று விற்பது வேறு திராட்சை. மரபணுப்படி அது லிபாரித் தீவின் மால்வாசியா. டூஃபோ ஊரைச் சுற்றி விளையும் கிரெக்கோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிரேக்க ஒயின் என்றால் அந்தக் காலத்தில் மதிப்பு அதிகம், அதனால் நல்ல வெள்ளை ஒயினுக்கெல்லாம் அந்தப் பேரை வைத்துவிட்டார்கள். பேரை மட்டும் வைத்துக்கொண்டு பூர்வீகம் பேசினால் இந்தச் சிக்கல்தான் வரும்.

2024 ஜனவரி 21

ரோமானியப் பெருமை பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

காம்பானியாவின் வடக்கே மாஸ்ஸிகோ மலைச்சரிவில் விளைந்த ஃபலெர்னம்தான் ரோமில் பேர்பெற்ற ஒயின். கி.மு. 121இல், ஓப்பிமியுஸ் கான்சலாக (ரோமின் தலைமை ஆட்சிப் பதவி) இருந்த வருடத்து விளைச்சலை அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசினார்கள். ஏறக்குறைய 200 வருடம் கழித்து எழுதிய ரோம எழுத்தாளர் பிளினி, அந்த ஒயின் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது, தேன் போல இறுகிக் கசந்துவிட்டது என்கிறார். ஃபலெர்னம் மட்டும்தான் நெருப்பு வைத்தால் பற்றிக்கொள்ளும் ஒயின் என்றும் எழுதி வைத்திருக்கிறார்.

படிக்க எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த ஒயின் எந்தத் திராட்சையில் செய்தது? அமினேயா என்ற பேர் பழைய நூல்களில் இருக்கிறது. அது இன்றைய ஃபலாங்கினாவா, அல்யானிக்கோவா, இரண்டும் இல்லாத வேறொன்றா என்று யாராலும் நிறுவ முடியவில்லை. 1989இல் ‘ஃபலெர்னோ தெல் மாஸ்ஸிகோ’ என்று சட்டப்படி பேர் கொடுத்தார்கள். சிவப்புக்கு அல்யானிக்கோவும் பியெதிரோஸ்ஸோவும், அல்லது பிரிமித்திவோ. வெள்ளைக்கு ஃபலாங்கினா. இடம் அதே இடம். திராட்சை அதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது.

பழம்பெருமைக்காக மட்டும் ஒரு பாட்டிலுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள் என்று நானே சொல்வேன். ஆனால் இந்த ரகங்களுக்கு மரியாதை வரவேண்டிய காரணம் வேறு. அது நமக்கு ரொம்பப் பக்கத்தில், போன நூற்றாண்டில் இருக்கிறது.

2024 பிப்ரவரி 3

அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அவெல்லினோ மாவட்டமும் அதைச் சுற்றிய மலைநாடும் இர்ப்பினியா. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சின் தோட்டங்களை அழித்தபோது, இர்ப்பினியா தப்பித்திருந்தது. ஒயினுக்கு வெளியே கிராக்கி. அவெல்லினோவிலிருந்து ரொக்கெத்தா வரை மலையைக் குடைந்து போட்ட ரயில் பாதை 1895இல் முழுதாகத் திறந்தது. லாபியோ, தவுராசி என்று ஒயின் ஊர்களை ஒட்டியே நிலையங்கள். பீப்பாய் பீப்பாயாக வடக்கே போயிற்று. 2010இல் அந்தப் பாதையில் தினசரி ரயிலை நிறுத்திவிட்டார்கள், இப்போது எப்போதாவது சுற்றுலா ரயில் ஓடுகிறது. லாபியோ பக்கத்து இரும்புப் பாலத்தை அதில் கடந்து பாருங்கள், இந்த ஊர் ஒரு காலத்தில் எவ்வளவு ஒயின் அனுப்பியிருக்கும் என்று புரியும்.

அப்புறம் பூச்சி இங்கேயும் வந்தது. அதன் பின்னால் இரண்டாம் உலகப் போர். போருக்குப் பிறகு ஊரே காலியானது. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் பிழைக்கப் போனார்கள். மறுபடி நடும்போது அதிகம் காய்க்கும் ரகத்தை நடுங்கள் என்பதே எல்லோரும் சொன்ன யோசனை. திரெப்பியானோ, சாஞ்சோவேசே, பார்பேரா. இங்குள்ள வெள்ளை ரகமான ஃபியானோவின் கொத்து சின்னது, சாறு குறைவு. அல்யானிக்கோவைப் பறிக்க நவம்பர் வரை காத்திருக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் யார் நடுவார்கள்?

அத்ரிபால்தாவில் 1878 முதல் ஒயின் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த அந்தோனியோ மாஸ்த்ரோபெரார்தீனோ (1928–2014) மாட்டேன் என்றார். அல்யானிக்கோ, ஃபியானோ, கிரெக்கோ இந்த மூன்றைத்தான் செய்வேன் என்று நின்றார். பழைய தோட்டங்களில் தேடித்தேடிக் கிளை சேர்த்தார். 1968 விளைச்சலில், அல்யானிக்கோவில் செய்யும் தவுராசி ஒயினின் ரிசர்வாவை (கூடுதல் காலம் வைத்திருந்து விற்பது) பியானோ தாஞ்செலோ, காஸ்தெல்ஃபிராஞ்சி, மொந்தேமரானோ என்று நிலம் வாரியாகத் தனித்தனியே அடைத்தார். அந்த 1968ஐ இன்றும் பேசுகிறார்கள். தவுராசிக்கு 1970இல் டிஓசி (குறித்த இடத்து ஒயினுக்குச் சட்டம் தரும் பேர்), 1993இல் அதற்கும் மேல்படியான டிஓசிஜி கிடைத்தது. ஃபியானோ தி அவெல்லினோவுக்கும் கிரெக்கோ தி டூஃபோவுக்கும் 2003இல் டிஓசிஜி. அந்த ஒரு மனிதரின் பிடிவாதம் இல்லாவிட்டால் நாம் இன்று பேச ஃபியானோவே இருந்திருக்காது.

2024 பிப்ரவரி 4

நேற்று எழுதியதை இரவு மறுபடி யோசித்துப் பார்த்தேன். கடைசி வரி மனதில் இடறுகிறது. மாஸ்த்ரோபெரார்தீனோ தேடிப் போனபோது அங்கே கிளை இருந்ததே, அதை யார் வைத்திருந்தார்கள்?

வீட்டுத் தேவைக்கு ஒயின் செய்துகொண்ட ஏழைக் குடியானவர்கள்தான். விற்பதற்கென்று நட்டிருந்தால் எப்போதோ வெட்டி எறிந்திருப்பார்கள். பத்திருபது கொடி, கோதுமைக்கும் அவரைக்கும் நடுவே ஒரு வரிசை, தாத்தா வைத்தது, இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டு உரிமையாளரின் கொல்லையில் அப்படி ஒரு வரிசை இப்போதும் இருக்கிறது. பாதி அல்யானிக்கோ. மீதி என்ன ரகம் என்று கேட்டால் ‘எங்கள் அப்பாவுடைய திராட்சை’ என்பார். ரகத்தின் பேரை அவர் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. எந்தக் கொடியை எப்போது கவாத்து செய்ய வேண்டும், எது தாமதமாகத் துளிர்க்கும், எதில் சாம்பல் நோய் முதலில் விழும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

1980 நவம்பர் 23 நிலநடுக்கத்தில் இர்ப்பினியாவில் ஊர் ஊராக இடிந்தது, கிட்டத்தட்ட 3000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் திரும்பி வந்து கொடியைக் கவாத்து செய்தவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

2024 மார்ச் 9

சாம்பல் நோய் என்றதும் ஒருவர் கந்தகம் பற்றிக் கேட்டிருக்கிறார். டூஃபோ ஊரில் 1866இல் கந்தகச் சுரங்கம் கண்டுபிடித்தார்கள். அந்தக் கந்தகப் பொடியைத் தூவித்தான் கொடியைக் காப்பாற்றினார்கள். சுரங்கம் மூடிப் பல வருடமாகிறது, கட்டடங்கள் ஆற்றோரமாக இன்னும் நிற்கின்றன. கிரெக்கோவில் வரும் அந்த லேசான தீக்குச்சி வாசனை கந்தக மண்ணால் வருகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மண்ணில் இருக்கும் கந்தகம் நேராகக் கோப்பைக்கு வந்துவிடும் என்பதை நான் நம்பவில்லை. நொதிக்கும்போது உண்டாகும் சேர்மங்களாலும் அந்த வாசனை வரும். ஆனால் டூஃபோ மண்ணில் கிரெக்கோவுக்கு வரும் புளிப்பும் இறுக்கமும் வேறு இடத்தில் வருவதில்லை, அதை மறுக்கவே மாட்டேன்.

2024 மார்ச் 17

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு, நேரடியாகவே உண்டு.

புறநானூற்றின் 56ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்கிறார். நல்ல கலத்தில் யவனர் கொண்டுவந்த, குளிர்ந்த மணமுள்ள மது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் தோண்டியபோது ஒயின் கொண்டுவந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அவற்றில் காம்பானியாச் சாடிகளும் உண்டு. பழைய சேர நாட்டுக் கரையில், கொடுங்கல்லூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்ற ஊரிலும் காம்பானியா ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கத்துச் சாடியை அடையாளம் காண்பது சுலபம். ஓட்டின் உடைந்த விளிம்பைப் பார்த்தால் களிமண்ணுக்குள் கறுப்பு எரிமலை மணல் பொடிப்பொடியாகத் தெரியும். வெசுவியஸ் பக்கத்து மணல் அது.

பாண்டியன் குடித்தது காம்பானியா ஒயின்தான் என்று அந்தப் பாட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. கிரேக்கத்துக் கோஸ் தீவுச் சாடிகளும் அரிக்கமேட்டில் இருக்கின்றன. ஆனாலும் நான் தினமும் மிதிக்கும் மண்ணின் மணல் 2000 வருடத்துக்கு முன் புதுச்சேரிக் கரையில் இறங்கியிருக்கிறது என்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

2024 மே 22

நேற்று முன்தினம் நேப்பிள்ஸுக்குப் பக்கத்துப் பொஸ்ஸுவோலியில் 4.4 அளவில் நிலநடுக்கம். அதுவரையான 40 வருடங்களில் அங்கே வந்ததில் பெரியது. அந்த ஊர் இருக்கும் காம்பி ஃபிளெக்ரேய் பகுதி முழுவதுமே ஓர் எரிமலைக் குழிதான், அதன் மேல்தான் ஊரும் தோட்டமும். அங்கே தெரிந்தவர்களிடம் பேசினேன். வீட்டை விட்டு வெளியே படுத்திருக்கிறார்கள். தோட்டம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அந்த மண்ணைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாம்பலும் மணலும் நுரைக்கல்லும். காலை வைத்தால் புதையும். அந்த மணலில் ஃபைலோக்சரா பிழைக்காது. உலகத்தில் பெரும்பாலான திராட்சைக் கொடிகள் இன்று அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டியவை. இங்கே ஃபலாங்கினாவும் பியெதிரோஸ்ஸோவும் சொந்த வேரில் நிற்கின்றன. ஒரு கொடி செத்தால் பக்கத்துக் கொடியின் கிளையை வளைத்து மண்ணுக்குள் பதித்துவிடுவார்கள், வேர் பிடித்ததும் தாயிடமிருந்து வெட்டிவிடுவார்கள். நாற்றுப் பண்ணையே தேவையில்லை. அமால்ஃபிக் கரைக்கு மேலே டிராமொந்தியிலும் டின்டோரே என்ற சிவப்பு ரகம் இப்படித்தான் சொந்த வேரில், கஷ்கொட்டைக் கம்புப் பந்தலில் நூற்றாண்டு தாண்டி நிற்கிறது. அடிமரம் மனிதன் இடுப்புப் பருமன். பந்தலின் கீழே உருளைக்கிழங்கு.

2024 மே 23

ஃபலாங்கினா என்று கடையில் கேட்பவர்கள் கவனிக்க: அது ஒரு ரகம் இல்லை, இரண்டு. கடற்கரையின் ஃபிளெக்ரெயா ஒன்று, உள்நாட்டு பெனெவென்தோவின் பெனெவென்தானா ஒன்று. மரபணுச் சோதனையில் இரண்டும் தனித்தனி என்று வந்துவிட்டது. சட்டம் இரண்டையும் ஒரே பேரில் விற்க விடுகிறது. எனக்கு இது சரியாகப் படவில்லை. எது எது என்று தெரிந்த பிறகு லேபிளில் போடுவதில் என்ன தடை?

2024 செப்டம்பர் 22

இந்த இழையை யாரும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன். அவெர்சாவில் அஸ்ப்ரீனியோ என்ற வெள்ளைத் திராட்சையின் பறிப்பு. ஒரு நண்பரின் மாமனார் தோட்டத்துக்கு உதவிக்குப் போயிருந்தேன்.

நேப்பிள்ஸுக்கும் கசெர்த்தாவுக்கும் நடுவே சமவெளி. பாப்லர் மரங்களை வரிசையாக நட்டு, மரத்துக்கு மரம் கம்பி இழுத்து, அதில் திராட்சையை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். 15 மீட்டர் வரை ஏறும். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைச் சுவர். மரத்தில் கொடி ஏற்றுவது, ரோமானியருக்கு முன் இங்கே இருந்த எத்ருஸ்கர் காலத்து முறை என்கிறார்கள்.

பறிப்பவர் ஒற்றை ஆள் அகலமுள்ள நீள மர ஏணியைத் தோளில் தூக்கிவந்து கொடிக்குள் சாய்க்கிறார். ஏறியதும் ஒரு காலைப் படிக்குள் நுழைத்து முழங்காலைப் பூட்டிக்கொள்கிறார். இரண்டு கையும் பறிக்க வேண்டுமே. இடுப்புயரத்தில் கயிற்றில் தொங்குகிறது ஃபெஷினா, மேலே அகன்று அடியில் கூராக முடியும் மரக்கூடை. நிறைந்ததும் ஒரு சத்தம் கொடுத்துக் கயிற்றைத் தளர்த்துகிறார். கூடை சரசரவென்று இறங்கி, கூர்முனை உழுத மண்ணில் ‘சதக்’ என்று குத்தி நேராக நிற்கிறது. சாயவில்லை, ஒரு பழம் சிந்தவில்லை. கீழே நிற்பவர் அதைப் பிடுங்கிப் பெட்டியில் கவிழ்த்துவிட்டு கயிற்றை இரண்டு தரம் இழுத்தால் காலிக் கூடை மேலே போகிறது. கீழே நின்றது நான். கொத்துகள் பச்சை மாறாமல் இருந்தன, ஒன்றைக் கடித்தால் பல் கூசியது. அந்தப் புளிப்புக்காகத்தான் இதை நுரை ஒயினாகச் செய்கிறார்கள்.

காம்பானியாவில் பாப்லரில் ஏற்றிய கொடி எவ்வளவு உயரம் போகிறது என்றால், கூலிக்குப் பறிக்க வருபவர் தன் சிதைக்கும் கல்லறைக்கும் ஆகும் செலவை ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குவார் என்று பிளினி எழுதியிருக்கிறார். ஜனவரியில் பிளினியை வைத்துப் பெருமை பேச வேண்டாம் என்றேன். இந்த வரி எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. இது கூலிக்காரரைப் பற்றிய வரி. ஏணியில் நின்றவருக்கு 70 வயதுக்கு மேல். அவருக்குப் பிறகு ஏற யாரும் இல்லை என்று அவரே சொன்னார். வரிசைக்கு அந்தப் பக்கம் கிடங்கும் அடுக்குமாடியும் வந்துவிட்டன.

2024 செப்டம்பர் 24

அஸ்ப்ரீனியோவும் டூஃபோவின் கிரெக்கோவும் மரபணுப்படி ஒரே ரகம் என்று ஒருவர் கொடுத்த தகவல் சரிதான். அவெர்சாவில் 15 மீட்டர் மரத்தில் ஏறி மெல்லிய புளிப்பு ஒயினாகிறது. டூஃபோவில் மலைச்சரிவில் குட்டையாக வளர்ந்து கனமான, வருடக்கணக்கில் நிற்கும் ஒயினாகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் ஒரே திராட்சை என்று சோதனைச்சாலை சொன்னால் ஒழிய நம்ப மாட்டீர்கள். ஆகவே கேள்வி கேட்டவருக்கு என் ஜனவரிப் பதிலில் ஒன்று சேர்க்கிறேன்: கொடியின் பிறப்பை மட்டும் பார்த்தால் போதாது, வளர்த்த விதமும் நாட்டு வழக்கத்தில் அடக்கம்.

2024 அக்டோபர் 30

வீட்டு உரிமையாளர் இன்னும் அல்யானிக்கோவைப் பறிக்கவில்லை. மலையில் காலைப்பனி, மற்ற ரகமெல்லாம் பீப்பாயில் நொதித்து அடங்கிவிட்டது. ஒரு பழத்தைப் பிய்த்துத் தந்தார். சாறு இனிப்புதான், தோலை மென்றதும் கொட்டைப்பாக்கைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. விதையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நுனியில் இன்னும் பச்சை. முழுக்கப் பழுப்பானால்தான் பறிப்பாராம். அதற்குள் மழை பிடித்தால் என்ன செய்வீர்கள் என்றேன். ‘பிடித்தால் பிடிக்கட்டும்’ என்றார்.

இந்தத் துவர்ப்பால்தான் தவுராசிக்குச் சட்டம் குறைந்தது 3 வருடம் வைத்திருக்கச் சொல்கிறது, அதில் 1 வருடம் மரத்தில். ரிசர்வாவுக்கு 4 வருடம், 18 மாதம் மரத்தில். 85 சதவீதமாவது அல்யானிக்கோ இருக்க வேண்டும். 3 வருடத்தில் அது அடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள்.

2024 நவம்பர் 17

பல்லக்ரெல்லோ என்ற திராட்சை ரகத்தை விட்டுவிட்டேன் என்று ஒருவர் கோபித்துக்கொண்டார், நியாயம்தான். கசெர்த்தா அரண்மனைக்குப் பக்கத்தில் சான் லெவ்ச்சோவில், நேப்பிள்ஸை ஆண்ட போர்போன் அரசர்கள் விசிறி வடிவில் ஒரு தோட்டம் போட்டார்கள். 10 பிரிவு, ஒவ்வொன்றிலும் ஒரு ரகம். அரசருக்குப் பிடித்த பல்லக்ரெல்லோ அதில் இருந்தது. அரச வம்சம் போனது, பூச்சி வந்தது, ரகம் மறைந்தே போனது என்று எண்ணியிருந்தார்கள். பெப்பே மாஞ்சீனி என்ற வழக்கறிஞர் குடியானவர் கொல்லைகளில் மிச்சமிருந்த கொடிகளைத் தேடிப் பெருக்கினார். நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தின் லுயீஜி மோயோ ஒயின் ஆக்குவதில் கைகொடுத்தார். பொந்தேலத்தோனே ஊரின் கசாவெக்கியா என்ற ரகமும் அப்படியே மீண்டது. இடிந்த பழைய வீட்டுச் சுவருக்குள் கிடைத்த ஒரே கொடியிலிருந்து அது வந்தது என்று ஊரில் சொல்கிறார்கள். 2011இல் அதற்குத் தனி டிஓசி.

அரசர் தோட்டத்துக் கொடி அழிந்தது, குடியானவர் கொல்லைக் கொடி பிழைத்தது. பிப்ரவரியில் நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

2024 நவம்பர் 19

எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபியானோவை வாங்கியதும் குடிக்காதீர்கள். விளைச்சல் வருடத்திலிருந்து ஐந்தாறு வருடம் போகட்டும், அப்போதுதான் ஹேசல்நட்டும் தேனும் புகையும் வரும். தவுராசியைப் பத்து வருடத்துக்கு முன் திறக்க வேண்டாம். பொறுமை இல்லாதவர்களுக்குப் பியெதிரோஸ்ஸோ, லேசாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். அஸ்ப்ரீனியோ வெளிநாட்டில் அரிது. கிடைத்தால் லேபிளில் ‘அல்பெராத்தா’ என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது மரத்தில் ஏறிப் பறித்தது. எருமைப்பால் மொட்சரெல்லாவோடு வைத்துக்கொள்ளுங்கள். அவெர்சா அதற்கும் பேர்போன ஊர்.